அவர்களுக்கு அம்மா இருக்கிறாள்

அங்கோர் வாட் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயிலில் வாடி, கால் ஓய்ந்து வெளியே வருகிறார் ஒரு பயணி. வாசலில் நிற்கும் டுக்-டுக் ஓட்டுநர், அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கிறார். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் கம்போடியாவின் சியெம் ரீப் நகரத்தில் இந்தக் கேள்வியோடு ஒரு பட்டியலும் சேர்ந்து வரும். டோன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமம் பார்க்கலாம். கண்ணிவெடி அருங்காட்சியகம் பார்க்கலாம். அநாதை இல்லம் பார்க்கலாம்.

இல்லத்து வாசலில் வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். முன்பின் தெரியாத மனிதரின் இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள். கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தாங்கள் படுக்கிற இடத்தைக் காட்டுவார்கள். சாயங்காலம் அப்சரா நடனம். சில இல்லங்களில் பிள்ளைகளே ராத்திரி கடைத்தெருவுக்கு வந்து துண்டுச்சீட்டு கொடுத்து ஆள் சேர்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் உண்டியல் வரும்.

வந்தவர் கண்ணீரோடு விமானம் ஏறுவார். ஊருக்குப் போனாலும் அந்தப் பிள்ளைகளின் முகம் அவரைத் தூங்க விடாது. கைப்பேசியில் இருக்கும் படங்களை அலுவலகத்தில் காட்டுவார். தேவாலயத்தில், பள்ளியில், அக்கம்பக்கத்தில் நிதி திரட்டுவார். வீட்டில் கேக் செய்து விற்பார், மாரத்தான் ஓடி மைலுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார், தலையை மழித்துக்கொண்டு அதற்கும் நன்கொடை கேட்பார். அடுத்த விடுமுறையில் சேர்த்த பணத்தோடு தன்னார்வலராகத் திரும்பி வருவார். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இப்படிக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் நல்ல மனசுக்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனசு பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எலி பிடித்த பிள்ளைகள்

டாரா விங்க்ளர் சிட்னிக்காரர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய இளம்பெண். 2005-ல் கம்போடியாவுக்கு வந்தவர் அங்கே ஓர் அநாதை இல்லத்தைப் பார்த்தார். மனம் உருகிவிட்டது. ஊர் திரும்பி நிதி திரட்டினார். 2007-ல் மறுபடி வந்து, பட்டாம்பாங் நகரத்தில் பணமில்லாமல் தத்தளிப்பதாகச் சொல்லப்பட்ட ஓர் இல்லத்தில் உதவிக்குச் சேர்ந்தார்.

பணம் வராமல் இல்லை. வந்த பணத்தையெல்லாம் நிர்வாகி விழுங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பசி தாங்காமல் எலி பிடித்துத் தின்றார்கள். அந்த மனிதர் பிள்ளைகளைத் துன்புறுத்தியதும் பிறகு தெரிய வந்தது. விங்க்ளர் அப்படியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், உள்ளூர்க்காரரான ஜெத்தாவோடு சேர்ந்து, அதிகாரிகளின் உதவியோடு 14 பிள்ளைகளை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தார். அவர்களுக்காக ஆஸ்திரேலியாவில் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார், பணம் திரட்டினார், பட்டாம்பாங்கில் புதிய இல்லம் திறந்தார். நல்ல சாப்பாடு, சுத்தமான படுக்கை, பள்ளிக்கூடம் எல்லாம் கிடைத்தன. ஊரில் அவருக்குப் பாராட்டுகளும் விருதும் வந்தன.

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். பத்திரிகைக்காரர்களான நாங்களும் இங்கேதான் முற்றுப்புள்ளி வைப்போம்.

விங்க்ளர் கெமர் மொழி கற்றுக்கொண்டார். மொழி வந்ததும் பிள்ளைகள் பேசுவது புரிய ஆரம்பித்தது. அவர்களுக்கு அம்மா இருந்தாள். சிலருக்கு அப்பாவும் இருந்தார். உண்மையிலேயே தாய் தகப்பன் இல்லாத ஒன்றிரண்டு பேருக்கும் பாட்டி, மாமன், சித்தி என்று யாரோ ஒருவர் இருந்தார். எலி பிடித்துத் தின்ற காலத்திலும் அவர்களுடைய குடும்பங்கள் எங்கேயோ இருந்துகொண்டுதான் இருந்தன. அந்தப் பிள்ளைகளை அநாதைகள் ஆக்கியது இல்லத்தின் பெயர்ப்பலகை.

இதை உணர்ந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. தான் கட்டிய இல்லத்தைத் தானே கலைத்தார். பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்க்கும் வேலையில் அறக்கட்டளையை இறக்கினார். உறவினரோடு இருக்க முடியாத பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பங்களைத் தேடினார்கள். கட்டடத்துக்குப் போன பணம் சமூகப் பணியாளர்களுக்கும், குடும்பங்களின் பிழைப்புக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் போனது. அநாதை இல்லத்தை எப்படித் தொடங்கக் கூடாது என்ற பொருள்படும் தலைப்பில் 2016-ல் புத்தகமே எழுதினார். நன்கொடையாளர்களின் முன்னால் நின்று, நீங்கள் எதற்காகப் பணம் கொடுத்தீர்களோ அதுவே தவறு, நானும் அதில் பங்கு என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பணம் போகிற பக்கம்

கம்போடியாவில் அநாதைகள் பெருகிய காலம் ஒன்று இருந்தது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தார்கள். ஆனால் 2005-ல் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். நாடு ஓரளவு நிமிர்ந்திருந்தது. அநாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டிய காலம் அது. நடந்தது நேர்மாறு. 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியதாக யுனிசெஃப் கணக்குச் சொன்னது. அவற்றில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். அரசு நடத்திய இல்லங்கள் மிகக் கொஞ்சம். மற்றவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பணத்தில் ஓடியவை. பிறகு நாடு முழுக்க நடந்த அரசுக் கணக்கெடுப்பில் 406 இல்லங்களில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தது தெரிந்தது.

இந்த இடத்தில் வரைபடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இல்லங்கள் எங்கே முளைத்தன? வறுமை அதிகமான ஊர்களில் இல்லை. சியெம் ரீப், புனோம் பென், கடற்கரைச் சுற்றுலா ஊரான சிஹானூக்வில் என்று பயணிகள் இறங்குகிற இடங்களில் முளைத்தன. நேபாளத்திலும் இதே கதை. அங்கே 75 மாவட்டங்கள் இருந்த காலத்தில் பெரும்பாலான இல்லங்கள் காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்ரா, சித்வன் என்று சுற்றுலா மாவட்டங்கள் ஐந்தில் குவிந்து கிடந்தன. பணம் போகிற பக்கம் பிள்ளையும் போகும். தேவையைப் பார்த்து இல்லம் வரவில்லை, இல்லம் வந்த பிறகு அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேடினார்கள்.

தேடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். கிராமத்துக்கு ஒருவர் வருவார். உன் பிள்ளையை நகரத்தில் படிக்க வைக்கிறோம், மூன்று வேளை சோறு, இங்கிலீஷ் சொல்லித் தருவார்கள், வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பார். நெல் வயல் மழையை நம்பி இருக்கிறது. பள்ளிக்கூடம் தூரம். மூத்த பையன் தாய்லாந்தில் கூலி வேலையில் இருக்கிறான். தாய் சம்மதிக்கிறாள். அவள் பிள்ளையைக் கைவிடவில்லை. ஹாஸ்டலில் சேர்த்தால் பையன் படித்து முன்னுக்கு வருவான் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக எத்தனை தாய்மார்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! அதே கணக்குதான் அவளுக்கும். ஒரு வித்தியாசம், பையன் போன இடத்தில் அவனுக்கு அம்மா இல்லை என்று எழுதி வைத்தார்கள்.

அம்மா இருக்கிற பிள்ளைக்கு நன்கொடை குறைவாக வரும் என்பது இதை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். கிழிந்த சட்டை போட்ட பிள்ளைக்கு அதிகம் வரும் என்பதும் தெரியும். அதனால் கொடுத்த புதுச் சட்டை பெட்டியிலேயே இருக்கும், கொடுத்த அரிசி மூட்டை கடைக்குத் திரும்பும். எல்லா இல்லத்திலும் இப்படி நடந்தது என்று சொல்லவில்லை. நேர்மையாக, கடன்பட்டு நடத்தியவர்களும் உண்டு. ஆனால் நேர்மையான இல்லத்தின் வாசலிலும் கிராமத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிய வண்டி வந்து நின்றது.

ஓடி வந்து கட்டிக்கொள்வது

தன்னார்வலராகப் போய் வந்தவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பாசமாக இருந்தார்கள்! பார்த்த நிமிஷமே மடியில் ஏறி உட்கார்ந்தார்கள்!

ஒரு வயதுக் குழந்தையைத் தெரியாதவர் தூக்கப் போனால் அது என்ன செய்யும் என்று ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். வீறிட்டு அழும், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைக்கும். ஐந்து வயதுப் பிள்ளைகூட விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். அந்தக் கூச்சம் ஆரோக்கியம். தனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளையின் கூச்சம் அது. யார் வந்தாலும் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்தால் குழந்தை மனநல மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். பற்றிக்கொள்ள நிலையான ஆள் இல்லாததால் கிடைத்தவரைப் பற்றும் பழக்கம் அது என்பார்கள்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அரசு இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மற்றவர்கள் வழக்கமான இல்லப் பராமரிப்பில் இருந்தார்கள். வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தபோது, குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் மன வளர்ச்சியும் மேலாக இருந்தன. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு நன்மை அதிகம். இத்தனைக்கும் அந்த இல்லங்களில் சோறு இருந்தது, கூரை இருந்தது. தினமும் வருகிற ஒரே ஆள்தான் இல்லை.

இப்போது அந்த அப்சரா நடன இல்லத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஒரு அக்கா வருகிறாள். இரண்டு மாதம் கதை சொல்கிறாள், தலை வாரி விடுகிறாள், பக்கத்தில் படுத்துத் தூங்க வைக்கிறாள். மார்ச்சில் அழுதுகொண்டே போகிறாள். ஏப்ரலில் இன்னொரு அக்கா. வருடத்துக்கு ஆறு அக்காக்கள் என்றால், ஒன்பது வயதுக்குள் அந்தப் பிள்ளை எத்தனை முறை தாயை இழந்திருக்கும்? போகிற அக்காவுக்கு ஒரு பிரிவு. பிள்ளைக்கு அது பிழைப்பு முறையாகிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்நியர் யார் வேண்டுமானாலும் வந்து பிள்ளையைத் தூக்கலாம் என்ற இடத்துக்கு, கெட்ட நோக்கத்தோடு வருகிறவனும் அதே வாசல் வழியாகத்தான் வருவான். அவனும் அரிசி மூட்டையோடு வருவான். பெரும்பாலான இல்லங்களில் யாரும் அவன் பின்னணியை விசாரிக்கவில்லை.

ஹும்லாவிலிருந்து கோவைக்கு

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்க நமக்கு உரிமை இல்லை.

நேபாளத்தின் வடமேற்கு மூலையில் திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது ஹும்லா மாவட்டம். அந்தக் காலத்தில் சாலை இல்லாத மலை. சிறு விமானத்தில் சிமிகோட்டில் இறங்கி அங்கிருந்து நாள்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. 1996 முதல் பத்து ஆண்டுகள் நடந்த மாவோயிஸ்ட் போரில் பிள்ளைகளைப் படையில் பிடித்துப் போவார்கள் என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தப் பயத்தில் தரகர்கள் காசு பார்த்தார்கள். பாதுகாப்பான ஊரில் படிக்க வைக்கிறேன் என்று பெற்றோரிடமே பணத்தையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போனார்கள். அமெரிக்கரான கானர் கிரெனன் 2004-ல் காத்மாண்டு அருகே கோதாவரியில் ஓர் இல்லத்துக்குத் தன்னார்வலராக வந்தார். தான் விளையாடிய பிள்ளைகள் அநாதைகள் இல்லை என்று பிறகு தெரிந்ததும், அமெரிக்காவில் பணம் திரட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளின் படங்களை எடுத்துக்கொண்டு ஹும்லாவின் மலைப்பாதைகளில் நடந்துபோய் ஊர் ஊராகப் பெற்றோரைத் தேடினார். படத்தைப் பார்த்த தாய்மார்களில் பலர் பிள்ளை எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் வருடங்களைக் கழித்திருந்தார்கள்.

அதே ஹும்லாவைச் சேர்ந்த சிறுமிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், 2011-ல், நம்முடைய கோயம்புத்தூரில் ஒரு விடுதியிலிருந்து மீட்கப்பட்டார்கள். படிப்புக்காகப் பெற்றோர் பணம் கொடுத்துத் தரகரோடு அனுப்பிய பெண் பிள்ளைகள். வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கோ அவர்கள் மாவோயிஸ்டுகளால் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டிருந்தது. இமயமலையில் ஒரு தாய் பிள்ளையின் கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். வெளிநாட்டில் யாரோ அந்தத் தாய் செத்துவிட்டதாக நம்பி மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். நடுவில் நம் கொங்கு நாடு.

மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றுலாப் பயணிகள் வரும் அந்த ஊரின் இல்லத்தில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007-ல் வந்த பத்திரிகைச் செய்தியை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது என்றே அந்த வழக்குக்குப் பெயர். பார்க்கவே கூசுகிற தலைப்பு. வழக்கு நடக்கும்போதே அஸ்ஸாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் விஷயம் அதில் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படிப்பு என்று சொல்லி அந்த மாநிலங்களிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது என்று 2010 செப்டம்பரில் நீதிமன்றம் தடுத்தது. 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா அமர்வு அளித்த தீர்ப்பு, நாட்டில் உள்ள எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், பிள்ளையை இல்லத்தில் வைப்பதைத் தவிர மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

நம் பிறந்தநாள் சாப்பாட்டையும் இதோடு யோசித்துப் பார்க்கிறேன். வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஏதாவது ஓர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது நம் ஊரில் வழக்கம். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு வரும்போது குழந்தைகளோடு போய்ப் பரிமாறுகிறார்கள். நானும் என் வீட்டாரோடு போய்ப் பரிமாறியிருக்கிறேன். இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றியாயிற்று. பிள்ளைகள் சாப்பிடவில்லை. கை கட்டி உட்கார்ந்து, எங்கள் குழந்தையின் பெயரைச் சொல்லி வாழ்த்துப் பாட்டுப் பாடினார்கள். பிறகு படம் எடுத்தோம். எல்லோரும் படத்துக்குள் வரவில்லை என்று இன்னொன்று எடுத்தோம். அதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. வரிசையின் கடைசியில் இருந்த பொடியன் என்னைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்த இல்லத்தில் மூன்றாவது பிறந்தநாள் அது என்று வெளியே வரும்போது தெரிந்தது.

கொடுத்த சோற்றுக்காக வருந்தவில்லை. பசித்தவருக்குச் சோறு போடுவது தவறே ஆகாது. சோற்றுக்கு விலையாக அந்தப் பிள்ளைகளைப் பாட வைத்ததற்கும், அவர்கள் முகத்தை என் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போனதற்கும் வருந்துகிறேன். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடுவதை 2015-ன் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

விழித்துக்கொண்ட நாடுகள்

நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2011-லேயே கம்போடியாவில் ஃபிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்ல என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அநாதைகளை மீட்கிறோம் என்று தரகர்கள் கிளம்பிவிடாதபடி, அனுமதியில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அரசு தடை போட்டது. ஆஸ்திரேலிய நாடாளுமன்ற விசாரணைக் குழு 2017-ல் இதைப் பற்றி விரிவாக அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு அந்த நாடு கொண்டுவந்த நவீன அடிமை முறைச் சட்டத்தின்போது, அநாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அடிமை முறையில் சேர்த்தே பேசப்பட்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் அநாதை இல்லத் தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைத் தீர்மானத்தில் பதிவு செய்தது.

இதையெல்லாம் கேட்கிறவர்கள் உடனே என்னிடம் கேட்பார்கள்: அப்படியானால் கொடுக்கவே வேண்டாமா? போகவே வேண்டாமா? கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டும். அதே சியெம் ரீப் நகரத்தில், அதே சுற்றுலாப் பயணிகளிடம் வேறு விதமாகக் கையேந்தியவர்கள் இருவர் இருந்தார்கள்.

இரண்டு டாலர்

கென்ரோ இசு ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர். உலகத்தின் பழைய புனிதத் தலங்களைப் மிகப் பெரிய கேமராவில் படம் பிடிப்பவர். 1990-களின் தொடக்கத்தில் அங்கோரைப் படம் எடுக்க வந்தார். கற்களைப் படம் எடுக்க வந்தவர், அங்கிருந்த மருத்துவமனையில் ஒரு சிறுமி தன் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்தார். மருத்துவத்துக்கு வேண்டியிருந்த ஏறத்தாழ இரண்டு டாலர் அவளுடைய தகப்பனிடம் இல்லை.

அவர் அந்தச் சிறுமியின் படத்தைக் காட்டிப் பணம் திரட்டவில்லை. கோயில்களின் படங்களை விற்றார். 1996-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, சக கலைஞர்களின் படங்களையும் வாங்கி ஏலம் விட்டு, 1999-ல் சியெம் ரீப்பில் அங்கோர் குழந்தைகள் மருத்துவமனையைத் திறந்தார். வெளிநாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் தன்னார்வலராக வந்தார்கள். கம்போடிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் பயிற்றுவிப்பது அவர்கள் வேலையாக இருந்தது. கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். 2013-ல் மருத்துவமனை அந்த அமைப்பின் கையை விட்டுத் தனித்து நின்றது. இசு லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங்கில் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விட்டார். இந்த மாதிரித் தன்னார்வலர் போனால் பிள்ளை அழாது. அவர் சொல்லிக்கொடுத்த செவிலி மறுநாளும் அதே வார்டில் இருப்பாள்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே கஷ்டத்தில் இருக்கிறவர் தானே பத்திரிகை அடித்துக் கூப்பிடுகிறார், தானே இலை போடுகிறார், தானே வாசலில் நிற்கிறார். வந்த பணம் பேர் வாரியாக நோட்டில் ஏறுகிறது. யாருக்குக் கொடுக்கிறோம், எதற்கு என்று கொடுக்கிறவருக்குத் தெரியும். திருப்பிச் செய்ய வேண்டும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். அவர் தன் பிள்ளையை மேடையில் நிறுத்திக் காட்டவில்லை. கணக்கும் மானமும் ஒரே நோட்டில் இருக்கின்றன.

வெளிநாட்டுக்கோ உள்ளூருக்கோ பிள்ளைகளின் பேரால் கொடுப்பதற்கு முன் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகளும் அந்த நோட்டைப் போலவே எளியவை. போன வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாளா, அவள் கடைசியாக எப்போது வந்தாள்? நம் ஊர் இல்லமானால், பிள்ளையை அங்கே வைக்கக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்துக்குப் பணம் தர வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் போன உங்களை நேரே பிள்ளைகளிடம் அழைத்துப்போகிற இடம் என்றால் இன்னும் யோசியுங்கள். நல்ல இல்லத்தில் உங்களை அலுவலக அறையோடு நிறுத்துவார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மகிழ்ச்சியடையுங்கள். பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்திருக்க உதவுவதற்கு இங்கே வழியும் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தாயை இழந்த பேரனை வளர்க்கும் எத்தனையோ பாட்டிகளுக்கு இது தெரியாது. அவர்களைக் கையைப் பிடித்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைத்துப்போவது பிறந்தநாள் சாப்பாட்டைவிடப் பெரிய தன்னார்வப் பணி.

சனிக்கிழமை செல்லோ

சியெம் ரீப்பில் வேறு விதமாகக் கையேந்திய இருவரில் இரண்டாமவர் பேட் ரிக்னர், சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். 1974-ல் புனோம் பென் நகரத்தின் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தவருக்கு, மறுவருடம் கெமர் ரூஜ் படை நகரத்தைப் பிடித்ததால் வெளியேற நேர்ந்தது. ஊரில் மருத்துவம் பார்த்தார். கூடவே கோமாளி வேடத்தில் செல்லோ வாசித்து நிகழ்ச்சிகள் நடத்தினார். மேடையில் அவர் பெயர் பேட்டோசெல்லோ. பதினாறு வருடம் கழித்துக் கம்போடியாவிலிருந்து அழைப்பு வந்தது: இடிந்து கிடக்கும் மருத்துவமனையை எடுத்து நிறுத்துங்கள். நான்கு வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த தன் மகளின் பெயரைத்தான் மன்னர் சிஹானூக் அந்த மருத்துவமனைக்கு வைத்திருந்தார்.

1992-ல் அது மறுபடி திறந்தது. பிறகு ஒன்று பலவாகி, 1999-ல் சியெம் ரீப்புக்கும் வந்தது. சிகிச்சை எல்லோருக்கும் இலவசம். ஆயிரக்கணக்கான ஊழியர்களில் ஏறக்குறைய அனைவரும் கம்போடியர்கள். வெளிநாட்டவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஊழியர் லஞ்சம் கேட்காமல் குடும்பம் நடத்துமளவுக்கு ரிக்னர் சம்பளம் கொடுத்தார். ஏழை நாட்டுக்கு இவ்வளவு செலவு பிடிக்கும் மருத்துவம் எதற்கு என்று சர்வதேச நிபுணர்கள் குறை சொன்னார்கள். ஜூரிச் பிள்ளைக்கு ஒரு மருத்துவம், கம்போடியப் பிள்ளைக்கு ஒரு மருத்துவமா என்பது அவருடைய வாதம். இதில் நான் முழுக்க முழுக்க ரிக்னர் பக்கம்.

அவ்வளவு பணத்துக்கும் ஒவ்வொரு வருடமும் சுவிட்சர்லாந்துக்குப் போய் மக்களிடம் கேட்டார். சனிக்கிழமை தோறும் சாயங்காலம் சியெம் ரீப் மருத்துவமனை அரங்கத்தில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வைத்து பாக் இசையும் தன் சொந்தப் பாட்டுகளும் வாசித்தார். டெங்கு பரவினால் ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வரும். இளைஞர்களிடம் ரத்தம் கேட்பார், வயதானவர்களிடம் பணம் கேட்பார், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களிடம் இரண்டையும் கேட்பார். உடல்நலம் குன்றி 2017-ல் ஊர் திரும்பியவர் 2018 செப்டம்பரில் காலமானார். மருத்துவமனைகள் நிற்கவில்லை. 2017-லிருந்து அங்கோர் வாட் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு டாலர் காந்தா போபாவுக்குப் போகிறது. அந்தத் தகப்பனிடம் இல்லாமல் போன அதே இரண்டு டாலர்.

அந்தச் சனிக்கிழமை மேடையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதில் ஒரு நாற்காலி, ஒரு செல்லோ, கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார மனிதர். வாசித்தவர் அவர், பேசியவர் அவர், வெட்கப்படாமல் காசு கேட்டவரும் அவர்தான். பிள்ளை அங்கே ஆடவில்லை, பாடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், வார்டில், கையில் ஊசி குத்தி, டெங்குக் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அதன் அம்மா உட்கார்ந்திருந்தாள்.